முகூர்த்தம் முடியும்வரை எழாதிருக்க

டிசம்பர் 3, புதன்

டாக்டர் ஜெசிந்தா ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். என்ன குடித்தேன், எப்போது போனேன், எப்போது அடக்க முடியாமல் போயிற்று என்று எழுதினால் போதுமாம். அப்படித் துண்டுதுண்டாக எழுதினால் பிறகு எனக்கே புரியாது. வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மழைமானியைப் பார்த்து எழுதியவன். வரிசை இல்லாமல் எழுதக் கை கூசுகிறது. ஆகவே எழுதப் போவதை முதலில் வகுத்துக்கொள்கிறேன்.

1. என் சிறுநீர்ப்பையின் அவசரம், அதற்குக் கொடுத்திருக்கும் மாத்திரை, அதன் பலன்.

2. ஜனவரி 28 அன்று என் பெண் மாதங்கியை அவள் கல்யாணத்தில் மடியில் தாங்குவது. தாலி கட்டி முடியும்வரை அவள் பாரம் முழுவதும் என் மேல்தான் இருக்கும். அதற்கு என்னைத் தயார்செய்துகொள்வது.

3. என் மனைவி தர்மாவைத் தவிர இது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. முக்கியமாக மாதங்கிக்கு.

4. கல்யாண வேலைகள்: வெள்ளையடிப்பு, பத்திரிகை, சத்திரம்.

எங்களில் தாலி கட்டும்போது பெண் தகப்பன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் சங்கல்பம், கன்னிகாதானம், கூறைப்புடவை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் மணையை விட்டு எழக் கூடாது. எனக்கு எழுபத்து மூன்று வயது. போக வேண்டும் என்று தோன்றினால் அடுத்த நிமிஷம் போயாக வேண்டும். எழுந்து நடப்பதற்குள் நனைந்துவிடுகிறது. மாதங்கிக்கு இது முப்பத்தேழு வயதில் கூடி வந்திருக்கும் கல்யாணம். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கூறைப்புடவையோடு அவள் என் மடியில் இருக்கும்போது அது நடந்தால்... இதற்கு மேல் எழுத வரவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று டாக்டரிடம் சரியாகப் பேசினேனா என்று சந்தேகமாக இருக்கிறது. பெண் டாக்டர் என்று தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். கண்ணில் அழுத்தம் உண்டா, மலச்சிக்கல் உண்டா, மறதி உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் என்றேன்.

பையில் கோளாறு ஒன்றும் இல்லையாம். நிரம்புவதற்கு முன்பே அது தானாகத் துடித்துச் சுருங்குகிறதாம். மாத்திரை அந்தத் துடிப்பை அடக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகும், வாய் உலரும். காப்பியைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றார். அவசரம் வந்தவுடன் ஓடக் கூடாது. இருந்த இடத்திலேயே கீழ்த்தசையை இறுக்கிப் பிடித்து, மனத்தை வேறு எதிலாவது செலுத்தி, அலை கடந்த பிறகு மெதுவாக நடக்க வேண்டும்.

ஜனவரி 28 பற்றி அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

மனத்தைச் செலுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலை பார்த்த நாளில் காலைத் தந்தியில் மழையளவு வந்த ஊர்களை ஆற்றோடு வரிசையாகச் சொல்கிறேன். குளித்தலை, முசிறி, திருச்சி, லால்குடி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால். கடலைத் தொடும்போது அவசரம் அடங்கியிருக்க வேண்டும். இன்று கும்பகோணம் வரைக்கும் போனேன். வேட்டி மாற்ற வேண்டியதாயிற்று.

தர்மா வேட்டியை வாளியில் போட்டாள். நாற்பது வருஷம் என்னோடு இருந்தவளிடம் மறைக்க முடியவில்லை. ஆனால் மாதங்கிக்குச் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். "சொல்லலை, விடுங்கோ. சுருட்டி வெக்காம வேட்டியப் பிரிச்சுப் போடுங்கோ, அது போதும்" என்றாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. குளிரில் அவசரம் அதிகம். வெள்ளையடிப்பவர்கள் இன்று கூடத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். வீடெல்லாம் சுண்ணாம்புத் தூசி. எனக்குத் தூசி என்றால் தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் கொஞ்சம் நனைகிறது. வழக்கமாகத் தும்மலுக்குப் போடும் சின்ன மாத்திரையைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வைத்துக்கொண்டேன். தும்மல் நின்றது.

மாதங்கி பெங்களூரிலிருந்து பேசினாள். மாப்பிள்ளை வீட்டில் ரிஜிஸ்டர் கல்யாணமே போதும் என்றார்களாம். இவள்தான் சம்மதிக்கவில்லையாம். "எனக்கு மத்ததெல்லாம் வேண்டாம்ப்பா. ஒன் மடியில உக்காந்துண்டு கட்டிக்கணும், அது ஒண்ணுதான்" என்றாள்.

போனை வைப்பதற்குள் போக வேண்டியிருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறது. உறுதியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஆனால் இன்று பத்திரிகை வைக்கத் திருவானைக்காவலுக்கு ஆட்டோவில் போய்த் திரும்பும்வரை ஒரு துளி இல்லை. வழியில் நெரிசலில் நின்றபோதுகூட காரைக்கால் வரை போய்த் திரும்பி வந்தேன்.

நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிறும் போகவில்லை. அதனால் என்ன? நாளையிலிருந்து ஒத்திகை.

டிசம்பர் 23, செவ்வாய்

ஒத்திகை பற்றி. வயசானவர்களுக்கு இப்போது மணையில் ஒரு முக்காலி போட்டுவிடுகிறார்கள். நம் வீட்டு முக்காலியை ஸ்டோர் ரூமில் போட்டு உட்கார்ந்து, மடியில் அரிசிப் பையை வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடி ஊர்களைச் சொன்னேன். மாதங்கியின் எடைக்கு ஒரு பை காணாது. பழகப் பழக இன்னொன்றை ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 27, சனி

ஜம்பு வந்தான். ஜம்புநாதன், என் தம்பி. என்னைவிட ஏழு வயது சின்னவன், இன்னும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறான். வாசலில் குரல் கொடுக்காமல் நேரே ஸ்டோர் ரூமுக்கு வந்துவிட்டான். மடியில் பையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வாயில் எதையோ முணுமுணுத்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னண்ணா பண்றே?"

வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

"கண்ண மூடிண்டா?"

பையின் வாயைப் பிரித்துப் பார்த்தேன். அவனும் மேலே கேட்கவில்லை. வழக்கமாக இதை வைத்து ஒரு வாரம் கேலி செய்பவன், இன்று பையை மெதுவாக என் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பினான். அதிசயமாக இருந்தது.

பத்திரிகை அனுப்பியதில் வேறு ஏதோ குழப்பம். தஞ்சாவூர் அத்தங்காவுக்கு இரண்டு பத்திரிகை போயிருக்கிறது, கோயம்புத்தூருக்குப் போகவே இல்லை. விலாசம் எழுதியது நான்தான் என்கிறாள் தர்மா. தபால்காரரைக் கேட்க வேண்டும்.

ஜனவரி 2, வெள்ளி

சாஸ்திரிகள் வந்தார். கன்னிகாதானத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும் அல்லவா, அதைக் குறித்துக்கொள்ள. அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் கேட்டார். நாக்கு உலர்ந்திருந்ததால் சொல்ல வரவில்லை. தண்ணீர் குடித்தேன். அப்போதும் வரவில்லை. சாஸ்திரிகள் பேனாவை மூடாமல் காத்திருந்தார். கடைசியில் தர்மாதான் சொன்னாள். தாத்தா பெயரும் பஞ்சாபகேசன். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறது.

எல்லாம் நாக்கு உலர்வதால் வருவது. தண்ணீர்ச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

வெள்ளையடிப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். தும்மல் இல்லை. அவசரமும் இல்லை. இரண்டு பை வைத்துப் பார்த்தேன். குளித்தலை, முசிறி, லால்குடி, கல்லணை, லால்குடி, கும்பகோணம், காரைக்கால். நன்றாகத் தாங்கினேன்.

ஜனவரி 5, திங்கள்

வெள்ளையடிப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். தும்மல் இல்லை. இன்றுதான் முதல் முறையாக இரண்டு பை வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தாங்கினேன்.

ஜனவரி 9, வெள்ளி

சத்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று கேட்டதற்குத் தர்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். இவளுக்கு இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் கோபம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாதங்கி விடுப்பில் வந்துவிட்டாள். இனிக் கல்யாணம் வரை இங்கேதான். இளைத்திருக்கிறாள்.

சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீசில் ஒரு விளையாட்டு சொல்லித் தந்தார்கள் என்று ஒரு காகிதம் கொடுத்தாள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்க வேண்டும். வரைந்தேன். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெருங்கிவிட்டன. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும். மூன்று சொற்கள் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டாள். ஒன்று தாமரை. மற்றவை முக்கியமில்லாத சொற்கள்.

கொல்லைப்பக்கம் போய் வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு அடுப்புப் புகை என்றாள். குக்கரில் வைத்த பொங்கலுக்குப் புகை ஏது?

ஜனவரி 16, வெள்ளி

ஜம்பு வந்து, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அண்ணா, மணையில நானும் லலிதாவும் தம்பதியா உக்காந்துக்கறோம். நீ முன்வரிசையில ராஜா மாதிரி உக்காந்து அட்சதை போடு. ஒனக்கு எதுக்குச் சிரமம்?"

மாதங்கியும் இதையே நினைக்கிறாளா என்று கேட்டேன். அவள்தான் அழுதுகொண்டே சம்மதித்தாள் என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17, சனி

தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜம்பு முகத்தைப் பார்க்காமல் பேசியதற்கு வேறு அர்த்தம் இல்லை. முப்பத்தேழு வருஷம் அப்பா மடி என்று காத்திருந்தவள், அது நனைகிற மடி என்று தெரிந்ததும் அழுதுகொண்டே சம்மதித்திருக்கிறாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் சம்மதித்திருப்பேன். தர்மா சத்தியம் செய்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

காலையிலிருந்து அவளோடு பேசவில்லை. கல்யாணத்தன்று உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாம். அல்லது இப்போதே எங்காவது போய்விடலாம். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்க வேண்டியவன் எங்கே போவது?

பிறகு. சாயங்காலம்.

தர்மா தட்டை முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். நான் மாதங்கியிடம் சொல்லிவிட்டாயே என்றேன். எதை என்றாள். என் வேட்டி விஷயத்தை என்றேன்.

"அத நான் ஏன் சொல்றேன்? அது அவளுக்குத் தெரியவே தெரியாது."

"பின்னே எதுக்கு ஜம்புவை உக்காத்தி வெக்கறேள்?"

தட்டில் நெய் விட்டாள். ஏற்கெனவே விட்டிருந்தது.

"புதன்கிழமை என்னை ஒங்க அக்கா பேர் சொல்லிக் கூப்ட்டேள். ரெண்டு தரம். அக்கா போய்ப் பத்து வருஷமாச்சு. அரிசி மூட்டைய மடியில வெச்சுண்டு ஆட்டறேள். தாத்தா பேர் தெரியலை. மந்திரத்துக்கு நடுவுல யாரைன்னு... அவ பேரையே மறந்துட்டேள்னா? கொழந்தையால அத சபையில தாங்க முடியுமான்னா?"

நான் மூட்டையை ஆட்டவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

புத்தி போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. நேற்றுவரை ஒரு கவலைதான் இருந்தது.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜனவரி 5 இரண்டு முறை இருக்கிறது. அடிக்கவில்லை. தவறான அளவையும் அழிக்காமல் வைப்பதுதான் எங்கள் துறையில் வழக்கம். ஊர் வரிசையில் திருவையாறு காணோம்.

ஜனவரி 19, திங்கள்

தனியாக டாக்டரிடம் போனேன். சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மடியில் உட்காரும் சம்பிரதாயத்தைச் சொன்னேன், அரிசிப் பையைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஐயா, நீங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் இப்படி மேஜை மேல எடுத்து வைங்க."

ரத்த அழுத்தத்துக்கானதை வைத்தேன். அவர் எழுதிக் கொடுத்ததை வைத்தேன். சட்டைப் பையில் வேறு என்ன என்றார். கண்ணாடிக் கூட்டை எடுத்தபோது சின்ன அட்டை கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார்.

"இது?"

"அது மருந்தில்லம்மா. தும்மலுக்கு."

"யார் எழுதிக் கொடுத்தாங்க?"

யாரும் எழுதவில்லை, மருந்துக்கடையில் கேட்டாலே கொடுப்பார்கள், இருபது வருஷமாகத் தோன்றும்போது போடுவது, வெள்ளையடிப்பு ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று என்றேன். அவர் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தார்.

"நான் அன்னைக்குக் கேட்டேனே ஐயா."

"மருந்துன்னு கேட்டேள். இதை நான் மருந்துன்னே நினைச்சதில்லை."

அவர் விளக்கியதை எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு காரியத்துக்கு என்றாலும் உடம்பில் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று பையை அடக்குகிறது, மற்றது மூக்கை அடக்குகிறது. இரண்டும் சேர்ந்து வாயை உலர்த்தும், குடலைக் கட்டும். என் வயதில் தலைக்குள்ளும் போய் மூளையை மந்தமாக்கும். தும்மல் மாத்திரை இருப்பது தெரிந்திருந்தால் தன் மாத்திரையையே யோசித்துத்தான் எழுதியிருப்பேன் என்றார். இரண்டையும் இன்றோடு நிறுத்தச் சொன்னார்.

"உங்களுக்கு மறதி நோய்னு நான் இப்ப சொல்லமாட்டேன். இல்லைன்னும் சொல்லமாட்டேன். நிறுத்திட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் தெளிஞ்சிரும்."

கல்யாணத்துக்குள்ளா என்றேன். தலை தெளியலாம் என்றார். சிறுநீர்ப்பை? வேறு வகை மாத்திரை ஒன்று இருக்கிறது, அது தலையைத் தொடாது, ரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஆனால் பலன் தெரியச் சில வாரமாவது ஆகும்.

ஆக, புத்தி வேண்டுமென்றால் வேட்டி நனையும். வேட்டி நனையக் கூடாதென்றால் பெண்ணின் பெயர் மறக்கும்.

ஜனவரி 22, வியாழன்

தலையிலிருந்து பஞ்சை எடுத்தது போல் இருக்கிறது. குளித்தலை, முசிறி, திருச்சி, லால்குடி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால். எழுதிவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். தாத்தா பெயர் பஞ்சாபகேசன், அவர் தகப்பனார் சுப்ரமணியன்.

இன்று வேட்டி மூன்று முறை.

எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லலாம். எந்த மாத்திரையால் கெட்டது என்று கேட்பார்கள். அது எதற்கான மாத்திரை என்று கேட்பார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஜம்பு மடியில் அவள் உட்காருவாள். நான் முன்வரிசையில் உலர்ந்தும் உலராமலும் அட்சதை போடுவேன். அவள் காலமெல்லாம் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். இது தேவலையா, அது தேவலையா என்று நாள் முழுவதும் பார்த்தேன். எனக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது.

ஜனவரி 23, வெள்ளி

கூடத்தில் மாதங்கி தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் போட ஆரம்பித்தேன். நான் தவறாகப் போடுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைப் பேசவைத்தது.

முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவசரம், நனைவது, டாக்டர், மாத்திரை, தும்மல், அரிசிப் பை எதற்கு என்பது. சொல்லும்போதே அவசரம் வந்தது. டாக்டர் சொன்னபடி இறுக்கிப் பிடித்தேன். திருச்சியைக்கூடத் தாண்டவில்லை. எழுந்தால் பார்த்துவிடுவாள் என்று எழாமல் இருந்தேன். இப்போது சொல்லிக்கொண்டிருப்பது இப்போதே நடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அவள் மடியிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள். பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"இதையா மறைச்சே? அப்பா, ஒனக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடப் போறதுன்னு நான் ஒரு வாரமா தூங்கலை. ஆபீஸ்ல கடனுக்கு எழுதிப் போட்டேன், ஆள் வெச்சுப் பாத்துக்கணுமேன்னு. நீ என்னடான்னா ஒண்ணுக்குப் போறதச் சொல்ல வெக்கப்பட்டுண்டு புத்தியே போச்சுன்னு நம்ப வெச்சுட்டியே."

அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன்.

"எனக்கு அஞ்சு வயசு வரைக்கும் யார் பாவாடை மாத்தினா?"

அது வேறு, நீ குழந்தை என்றேன். அவள் ஜம்புவுக்குப் போன் போட்டு, மணையில் அப்பாதான் என்றாள். அவன் சொன்னதைக் காதில் வாங்கிச் சிரித்துவிட்டு எனக்குச் சொன்னாள்: "புதுப் பஞ்சகச்சம் வாங்கிட்டேன், மணையில உக்காராட்டாலும் கட்டிண்டுதான் வருவேன்னு சொல்லு ஒங்கப்பாகிட்டங்கறார்."

ஜனவரி 26, திங்கள்

மாதங்கியே பெரியவர்களுக்கான டயாபர் வாங்கி வந்தாள். பஞ்சகச்சத்துக்குள் அது தெரியாமல் கட்டத் தர்மா என்னைக் கூடத்தில் பொம்மை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் கொஞ்சம் உப்புகிறது. "பணக்காரக் களை" என்றாள்.

சாஸ்திரிகளிடம் மாதங்கி பேசிவிட்டாள். கூறைப்புடவை கொடுத்து அவள் உள்ளே கட்டிக்கொள்ளப் போகும் இடைவெளியில் நான் எழுந்து போய், கால் கழுவி ஆசமனம் செய்துவிட்டு வரலாம். அதற்குப் பிறகு தாலி கட்டும்வரை எழ முடியாது. எல்லாரும் ஒத்தாசையாக இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசிப் பொழுதில் அறுபது கிலோ என் அடிவயிற்றின் மேல் இருக்கப் போகிறது. அங்கே எந்தச் சாஸ்திரிகளும் ஒத்தாசை செய்ய முடியாது.

புது மாத்திரை இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 28, புதன்

நடந்துவிட்டது. களைப்பு. தலைமுறைப் பெயர்கள் தப்பில்லாமல் சொன்னேன். மாதங்கியின் பெயர் வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது என்றான் ஜம்பு.

இடைவெளியில் போய் வந்தேன். அவள் கூறைப்புடவையில் வந்து என் மடியில் அமர்ந்தாள். அவள் தலையில் நுகத்தடி வைத்து, அதன் துளை வழியே தண்ணீர் விட்டார்கள். ஈரத்தைப் பார்த்ததும் அவசரம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தலையில் ஆரம்பித்தேன். பாரம் என்னை அழுத்தப் போகிறது என்று காத்திருந்தேன். அழுத்தவில்லை. பயத்தில் தொடை மரத்துவிட்டது போலிருக்கிறது.

கெட்டிமேளம் முழங்கியபோது என்ன ஆயிற்று என்பதை எழுதப் போவதில்லை. பஞ்சகச்சம் நனையவில்லை. அவள் புடவையும் நனையவில்லை.

ஜனவரி 29, வியாழன்

காலையில் கட்டுசாதம் கொடுத்து அனுப்பினோம். சத்திரத்து மாடியிலிருந்து மாதங்கி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். கீழ்ப்படியில் நின்றுகொண்டு ஜம்பு, "நேத்திக்குக் கல்யாணம் ஆனவளா, நேத்திக்கு மலை ஏறினவளா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். மாப்பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியில் ஏறும் முன் காலில் என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, தொடை பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாள். நான் விடாமல் கேட்டேன். மற்றவர்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் காதோரமாகக் குனிந்தாள்.

"பின்ன? ஒன் வயித்து மேலயா உக்காரச் சொல்றே?"

அவ்வளவு நேரமும் அவள் கூறைப்புடவைக்குள் முழங்காலை மடக்கி, தன் காலிலேயே நின்றிருக்கிறாள். நுகத்தடி தலையில் இருந்தபோதும், மாப்பிள்ளை மூன்று முடிச்சுப் போட்டபோதும். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மடியை வைத்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை.

முதல் நாள் வகுத்ததில் இரண்டாவது தவறு. நான் அவளைத் தாங்கவில்லை.